கத்தி கேட்டவர்களுக்கு ஓர் உறைக்காரியின் பதில்கள்

போன இதழில் தோல் பதனிடுவதைப் பற்றி எழுதும்போது, சின்னக் கத்திகளுக்கு உறை செய்வதுதான் என் பிழைப்பு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தோலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி, தற்காப்புக்கு என்ன கத்தி வாங்கலாம் என்றுதான் கேட்டிருந்தன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கத்தி அடிப்பவள் இல்லை. மற்றவர்கள் அடித்த கத்தி, விலைக்கு வாங்கிய கத்தி, ஆசைப்பட்டு வாங்கி அவதிப்பட்ட கத்தி எல்லாம் 22 வருடமாக என் மேஜைக்கு வந்து போகின்றன. எது இடுப்பிலேயே தங்குகிறது, எது ஒரே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். சண்டைக் கலை கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியாது. அதை யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: இரவுப் பணி முடிந்து, நள்ளிரவுக்கு மேல் தனியாக நடந்து வீடு திரும்புகிறேன். மடங்காத சின்னக் கத்தி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. கூட வேலை பார்க்கும் ஒருவர், இருபுறமும் கூர் உள்ள 6 அங்குலக் கத்தி வாங்கு, பார்த்தாலே ஓடிவிடுவான் என்கிறார். இன்னொருவர் 3 அங்குலம் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: 3 அங்குலக்காரர் சொல்வதே சரி. ஆனால் அவரும் அளவெடுக்கும் இடத்தைத் தவறவிட்டுவிட்டார். அலகின் நீளத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிடியின் நீளத்தைப் பாருங்கள்.

உங்கள் நான்கு விரல்களையும் சேர்த்து, மடக்கின இடத்தில் அளந்தால் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரும். பிடி அதைவிட ஒரு விரல்கடை நீண்டிருக்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத பிடி, 7 அல்லது 8 சென்டிமீட்டர் அலகு என்று இருந்தால் சின்னக் கத்திக்கு லட்சணமான அளவு. கடையில் பார்க்கும்போது பிடி பெரிதாகவும் அலகு சிறிதாகவும், பார்வைக்குக் கொஞ்சம் அசடாகத்தான் தெரியும். தெரியட்டும். அலகு நீளம், பிடி குட்டை என்று அழகாக வருகிற கத்திகளில் சுண்டுவிரல் வெளியே தொங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பிடிப்பின் பலம். சந்தேகமிருந்தால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுத்தியலைப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து, கை முன்னால் வழுக்கி அலகின் மேல் போகாமல் தடுக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆள்காட்டிவிரல் உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒரு பல் போல இறங்கியிருக்கலாம், பிடியே அங்கே தடித்துத் திரும்பியிருக்கலாம். ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். இது இல்லாத கத்தியில் முதலில் வெட்டுப்படுவது உங்கள் விரல்தான். கத்தியால் தாக்கியவர்களின் உள்ளங்கையிலேயே வெட்டுக்காயம் இருப்பதைத் தடயவியல் மருத்துவர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள். ஈரம் பட்ட பிடியில் கை முன்னுக்கு நழுவுவது அதற்கு ஒரு காரணம்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் ஒரு பரீட்சை வைப்பேன். கத்தியை உறையிலேயே விட்டு, உறையும் பிடியும் சேர்ந்தாற்போல் துணிக்கயிற்றால் கட்டிவிடுவேன். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி வைப்பேன். கையை அதில் முக்கி, பிடியைப் பற்றி, மேஜையின் மேல் கிடக்கும் தடித்த தோல் கட்டை மேல் உறையின் நுனியை அழுத்தச் சொல்வேன். பளபளவென்று தேய்த்த கொம்புப் பிடியும் வழவழப்பான எவர்சில்வர் பிடியும் அந்த நொடியே தோற்றுப்போகும். சொரசொரப்பான ஜி-10, மைகார்ட்டா, கெட்டி ரப்பர் மூன்றும் தேறும். ஜி-10 என்பது கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸிப் பசையில் அழுத்திச் செய்த பலகை. மைகார்ட்டாவில் துணியோ காகிதமோ வேறொரு பிசினில் ஊறியிருக்கும். இரண்டும் தண்ணீருக்கு ஊதாது. மைகார்ட்டா ஈரம் பட்டால் இன்னும் நன்றாகவே பிடிக்கும். நடுவில் ஓட்டை போட்ட வெறும் இரும்பையே பிடியாக வைத்து, மேலே கயிறு சுற்றித் தருகிற மெல்லிய கத்திகள் உண்டு. மறைத்து வைக்கச் சௌகரியம். ஆனால் இறுக்கிப் பிடித்தால் கையில் கம்பி அறுப்பதுபோல் இருக்கும், கயிறு வியர்வையைக் குடித்துக்கொண்டே கிடக்கும்.

இரண்டு பக்கக் கூர் வேண்டாம் தாயே. 1941-இல் பிரிட்டன் தன் கமாண்டோப் படைக்காகச் செய்த ஃபேர்பேர்ன்–சைக்ஸ் குத்துவாளைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் இந்த ஆசை. அது பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு என்று செய்தது, அதற்கே முனை ஒல்லி, நெம்பினால் முறியும் என்ற பெயர் உண்டு. இருபுறமும் கூர் என்றால் கட்டைவிரல் வைக்க முதுகு கிடையாது. உறைக்குள் திருப்பிப் போடும்போது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வெட்டும். உறை தைப்பவளுக்கும் இரட்டை வேலை. பல நாடுகளில் அந்த ஒரு காரணத்தாலேயே அது ஆயுதமாகிவிடும், வெறும் கத்தியாக நிற்காது.

'பார்த்தாலே ஓடிவிடுவான்' என்றாரே, அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காட்டி மிரட்டுவதற்கு என்று கத்தியை வாங்காதீர்கள். காட்டின கத்தியைப் பிடுங்கவும் முடியும், காட்டினதே பல இடங்களில் தனிக் குற்றம். அதோடு தூரக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1983-இல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் அளந்து சொன்னார்: ஆரோக்கியமான ஓர் ஆள் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுகிறான். அவர் யோசித்தது துப்பாக்கி வைத்திருக்கும் காவலரைப் பற்றி, கத்தியோடு வருகிறவனிடம் அவர் தப்ப எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று. நமக்கும் அது பொருந்தும். ஆபத்து என்று உங்கள் புத்திக்கு எட்டும்போது எதிரில் இருப்பவன் 21 அடியில் நிற்க மாட்டான், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பான். அந்த நெருக்கத்தில் 6 அங்குல அலகை உருவி எடுப்பதற்கே இடமிருக்காது. சின்னக் கத்தி எதற்கு உதவும் என்றால், பிடித்த பிடியை அவன் விட, நீங்கள் ஓட. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: அக்கா, 1095, டி-2, 440-சி, இன்னும் பவுடர் ஸ்டீல் என்று எண்களாகவே சொல்கிறார்கள். எந்த எஃகு நல்லது?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, அதிகக் கடிதம் வந்தது இந்தக் கேள்விக்குத்தான், குறைவாகப் பதில் சொல்லப் போவதும் இதற்குத்தான். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கத்திக்கு வியர்வைதான் முதல் எதிரி. 1095-இல் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு பங்கு கரி. நன்றாகக் கூரேறும், அடி தாங்கும், ஆனால் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் துரு பூத்துவிடும். டி-2-இல் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தும் முழு எவர்சில்வர் ஆகாது, புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். 440-சி, 14சி28என் மாதிரி துருவுக்கு ஈடுகொடுக்கிறவை உனக்குத் தோதுப்படும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் துருப்பிடிக்காத எஃகை உருக்கி எடுத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வசதியை வேண்டாமென்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

எண்ணைவிட முக்கியம் தோய்ச்சல், அதாவது எஃகைக் காய்ச்சி, நனைத்துப் பதமேற்றுவது. நல்ல எஃகுக்குக் கெட்ட தோய்ச்சல் போட்டால் தகரம்தான். ராக்வெல் அளவில் 56 முதல் 59 வரை கடினம் இருந்தால் உன் தேவைக்குச் சரியான பதம். 62, 63 என்று பெருமையடிக்கிற கத்தி நாள்கணக்கில் கூர் நிற்கும்தான், ஆனால் எலும்பிலோ பெல்ட் கொக்கியிலோ பட்டால் விளிம்பில் சில்லு தெறிக்கலாம். அலகின் தடிமன் 3 மில்லிமீட்டர், மிஞ்சினால் 4. ஆறு மில்லிமீட்டர் தடியில் குட்டிக் கத்தி செய்து 'டாங்கி மாதிரி' என்று விற்கிறார்கள். அது ஆப்பு, கத்தியில் சேர்த்தி இல்லை.

கேள்வி: மடக்குக் கத்தியே சட்டைப் பையில் அடங்குகிறதே. மடங்காத கத்தி என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

பதில்: மடக்குக் கத்தியை எடுப்பது ஒரு வேலை, விரிப்பது இன்னொரு வேலை, பூட்டு விழுந்ததா என்று நிச்சயம் செய்வது மூன்றாவது. வீட்டில் உட்கார்ந்து பத்து தரம் விரித்தால் பத்து தரமும் விரியும். பயத்தில் கைவிரல்கள் மரத்துப்போகும். பொடி வேலைக்கு விரல் வராது, முழுக் கையால் பற்றி இழுக்க மட்டும்தான் வரும். ஒரு மடக்குக் கத்தியைப் பழுதுக்குக் கொண்டுவந்தார்கள், பூட்டு விழாமல் பாதியில் நிற்கிறது என்று. உள்ளே பார்த்தால் சட்டைப் பையின் பஞ்சு, நூல், ஒரு பேருந்துச் சீட்டின் மூலைத்துண்டு. மடங்காத கத்திக்கு அந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. ஒரே இழுப்பு. அலகின் இரும்பே பிடியின் கடைக்கோடிவரை போயிருந்தால் உடைவதும் அபூர்வம். (பாதிவரை போனால் மோசம் என்று அர்த்தமில்லை. ஸ்வீடனின் மோரா கத்திகளில் பலவும் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாக உழைக்கின்றன.)

ஆனால் சட்டம் பல இடங்களில் நேர்மாறாக நிற்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: கத்தி வாங்கிவிட்டேன். உறையோடுதான் வந்தது. அதை எங்கே, எப்படி மாட்டிக்கொள்வது?
– வாடகைக் கார் ஓட்டுநர்

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கத்தி செய்கிற நிறுவனங்களில் பெரும்பாலானவை அலகுக்கு ஆறு மாதம் யோசித்து, உறைக்கு ஆறு நிமிடம் யோசிக்கின்றன என்பது என் வயிற்றெரிச்சல். வாங்கினதோடு வந்த உறையை மூன்று விதமாகச் சோதியுங்கள். ஒன்று, கட்டில் மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துப் பலமாக உலுக்குங்கள். கத்தி கழன்று விழக் கூடாது. கால் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். இரண்டு, இடுப்பில் மாட்டிக்கொண்டு குனியுங்கள், தரையில் உட்காருங்கள், கார் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காருங்கள். ஓட்டுநரானபடியால் உங்களுக்கு இந்த மூன்றாவது நிலைதான் உயிர். வலது இடுப்புப் பக்கவாட்டில் மாட்டினால் சீட் பெல்ட்டின் பூட்டும் இருக்கையின் விளிம்பும் பிடியை மூடிவிடலாம். பெல்ட் கொக்கிக்குச் சற்றுப் பக்கத்தில், முன்புறமாக, இரண்டு கையும் எட்டுகிற இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். இடது கையைப் பிடித்துக்கொண்டால் வலது கை எட்ட வேண்டும், வலதைப் பிடித்தால் இடது எட்ட வேண்டும். முதுகுப் பக்கம் மாட்டுவது அழகு, கீழே விழுந்தால் தண்டுவடத்தில் இடிக்கும். பூட்ஸுக்குள் மாட்டுவது சினிமா.

மூன்றாவது சோதனைக்குக் கூரில்லாத கத்தி வேண்டும். அதே அளவில் மொன்னையாகச் செய்த பயிற்சிக் கத்திகள் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற உடையில், மேல்சட்டை, பை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பத்து தரம் எடுங்கள். ஒருவர் பெருமையோடு கொண்டுவந்த உறையில் பிடியைச் சுற்றித் தோல் வார், அதன் மேல் பிரஸ் பட்டன். கையை ஈரமாக்கிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். பத்தில் நான்கு தரம் பட்டன் திறக்கவில்லை. ஐந்தாவது தரம் பட்டன் திறந்தது, வார் பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த மனிதர் முகம் அப்போது போன போக்கை மறக்க முடியாது, ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி. வாரை நறுக்கிவிட்டுத் தெர்மோபிளாஸ்டிக்கில் வேறு உறை செய்து கொடுத்தேன்.

அந்தத் தெர்மோபிளாஸ்டிக்கைத்தான் கைடெக்ஸ் என்கிறார்கள். தகடாக வரும். அடுப்பில் 160, 170 டிகிரி செல்சியஸுக்குக் காட்டினால் ரப்பர் மாதிரித் தொய்யும். அப்போது கத்தியின் மேல் போர்த்தி, இரண்டு ஸ்பாஞ்சுப் பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், ஆறும்போது கத்தியின் உருவத்தையே வாங்கிக்கொள்ளும். நன்றாகச் செய்த உறையில் கத்தியைத் தள்ளும்போது கடைசி அரை அங்குலத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் எனக்குக் கூலி. வாரும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றித் தள்ளினால் டக்கென்று விடும், உலுக்கினால் விடாது. குறையும் உண்டு. உள்ளே மணல் புகுந்தால் அலகில் கோடு கோடாக விழும். கொளுத்தும் வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் முன்பலகையில் போட்டுவைத்தால் உறையின் வாய் விரிந்து, பிடிப்புத் தளர்ந்துபோகலாம். ஓட்டுநர் அண்ணன் இதை மறந்துவிடக் கூடாது.

தோல் எனக்குத் தாய்வீடு, அதனால் அதைக் குறைசொல்ல மனம் வராது, இருந்தும் சொல்கிறேன். தோல் உறை உடம்புக்கு இதம், சத்தம் போடாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலாக இருந்தால் அந்த உப்பே அலகைத் தின்னும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் தேவலை. எதுவானாலும் ராத்திரி கத்தியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தனியே வையுங்கள். முக்கியமாக, இரண்டு தோல் பட்டைகளைச் சேர்த்துத் தைத்திருக்கும் ஓரத்தில், நடுவே மூன்றாவதாக ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பட்டை இல்லையென்றால் ஒவ்வொரு தரம் கத்தி உள்ளே போகும்போதும் கூர் நேரே தையல் நூலில் உரசும்.

இதை நான் சொந்தத் தொடையில் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். அவசரத்துக்கு எனக்கென்று ஓர் உறை தைத்தேன், நடுப்பட்டை வைக்கச் சோம்பல். நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தபோது முனை தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து, பாவாடைத் துணியையும் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. வலிக்கவே இல்லை. செருப்பு ஈரமானதும்தான் குனிந்து பார்த்தேன். ஐந்து தையல் போட்டார்கள். மருத்துவர் அந்தத் தையலைப் போட்ட நேர்த்தியைப் பார்த்துவிட்டு, என் உறைத் தையலை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன்.

கழுத்தில் தொங்கவிடும் கத்தியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சங்கிலி இழுபட்டால் தானே அறுந்துவிடுகிற மாதிரி இருந்தால் மட்டும். கெட்டிக் கயிற்றில் தொங்கவிட்டால், இழுப்பதற்குச் சுருக்கை நீங்களே எதிராளி கையில் கொடுத்தமாதிரி.

கேள்வி: மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். அவளுக்கு ஒரு நல்ல தற்காப்புக் கத்தி பரிசாகக் கொடுக்க விரும்புகிறேன். விரலை நுழைத்துக்கொள்ள வளையம் வைத்த வளைந்த கத்தி எப்படி?
– ஒரு தகப்பனார்

பதில்: ஐயா, அவளைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதை மட்டும் காணோம்.

தகப்பன்மார் வாங்கிக்கொடுத்த கத்திகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. அட்டைப்பெட்டியின் மடிப்புக்கூடக் கலையாமல், மூன்று வருடம் கழித்து, 'இதை விற்க முடியுமா' என்று. கத்தி வைத்திருக்கிற பெண் அதை எடுக்கத் துணிய வேண்டும், எடுத்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனையை நாம் பரிசாகக் கட்டிக் கொடுக்க முடியாது. பெரும்பாலான விடுதிகள் கத்தியை உள்ளேயே விடாது. பிடிபட்டால் போவது அவள் படிப்பு.

வளையக் கத்தி வேண்டவே வேண்டாம். வளையத்துக்குள் விரல் இருக்கும்போது யாராவது கத்தியைத் திருகினால் விரலும் சேர்ந்து திரும்பும். பழகியவர்களுக்கு அது ஒரு வித்தை. பழகாதவர்களுக்கு விரல் முறிய ஒரு வழி. உள்ளங்கையில் அடங்கும் நல்ல டார்ச் வாங்கிக்கொடுங்கள், இருட்டில் கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சம் உள்ளதாக. இருட்டான வழியில் போகும்போது அது ஏற்கெனவே அவள் கையில் இருக்கும், யாரும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு ஒன்றில் சேர்த்துவிடுங்கள், நீங்களும் கூடவே போங்கள். அதன் பிறகும் அவளாகக் கத்தி கேட்டால், அவள் கையை அளந்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: தற்காப்புக்கு என்று சொன்னால் போலீஸ் ஒன்றும் செய்யாது இல்லையா?

பதில்: அதைச் சொன்னாலே செய்யக்கூடும். பிரிட்டனில், பூட்டு விழாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி தவிர, வேறு எந்தக் கத்தியையும் பொது இடத்தில் வைத்திருக்கத் தக்க காரணம் வேண்டும். தற்காப்பை அங்கே தக்க காரணமாகச் சேர்ப்பதில்லை. ஜெர்மனியில் மடங்காத கத்திக்கு 12 சென்டிமீட்டர் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் அதற்குக் குறைந்ததும் கூடாது. சில நாடுகளில் மறைத்து வைத்தால் குற்றம், சிலவற்றில் தெரிய வைத்தால் குற்றம். பள்ளி, நீதிமன்றம், விமானம் எங்கேயும் நுழைய வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பிறகு கத்திக்கடைக்குப் போங்கள். அனுமதி இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். உறைக்காரியே சொல்கிறாளே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தற்காப்புக் கத்தியை வேறு எந்த வேலைக்கும் தொடாமல், கூர் கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அப்படியா?
– தச்சு வேலை பழகுகிறவர்

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடாமல் வைத்த கத்தி அந்நியமாகிவிடும். பார்சல் பிரியுங்கள், கயிறு அறுங்கள், பென்சில் சீவுங்கள். ஒரு நாளில் நான்கு தரம் எடுத்து நான்கு தரம் திரும்ப வைத்தால் கைக்கு அந்த வழி பழகிவிடும். திரும்ப வைப்பதைத்தான் நிறையப் பேர் பழகுவதில்லை. எடுக்கும்போது பட்ட காயத்தைவிட, பார்க்காமல் உறைக்குள் போடும்போது பட்ட காயத்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மெதுவாக, கண்ணால் பார்த்து, மறு கையை உறையின் வாயிலிருந்து விலக்கிக்கொண்டு வையுங்கள். திரும்ப வைக்க ஓர் அவசரமும் கிடையாது.

கூர் போனால் தீட்டிக்கொள்ளுங்கள், அதற்காகக் கத்தியைப் பூஜையில் வைக்க வேண்டாம். 20 டிகிரி கோணத்தில் சாணைக்கல்லில் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால், மறு பக்கத்தில் விரல்நுனியைக் குறுக்காக வைத்து மெல்ல வெளிப்பக்கமாக இழுக்கும்போது பிசிறு தட்டுப்படும். அலகின் அடியிலிருந்து முனைவரை அந்தப் பிசிறு தட்டினால் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் நாலைந்து இழுப்பு. தச்சு பழகுகிறவருக்கு இதை நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், உளி தீட்டுகிற அதே கைதான். ரம்பம் போல் பல் வைத்த அலகை மட்டும் வாங்காதீர்கள். துணியில் சிக்கும், சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் கத்தி வைத்திருக்கிறீர்களா? எடுத்ததுண்டா?
– சும்மா கேட்கிறேன்

பதில்: சும்மா கேட்டவருக்கு நிஜத்தையே சொல்கிறேன். நான் இருக்கும் இடத்தில் அதற்குத் தடையில்லை, வைத்திருக்கிறேன். 7 சென்டிமீட்டர் அலகு, கறுப்பு மைகார்ட்டா பிடி, பெல்ட் கொக்கிக்கு இடப்பக்கம். உறை நானே செய்தது, உலுக்கினால் விழாது, டக் சத்தம் வரும்.

சில வருடம் முன்னால் ஒரு குளிர்காலத்து ராத்திரி. பட்டறையைப் பூட்டிவிட்டு நடக்கிறேன். பின்னால் ஒருவன் வருகிறான். நான் தெரு மாறினால் அவனும் மாறுகிறான், நின்று செருப்பைச் சரிசெய்தால் அவனும் நிற்கிறான். கை தானாக இடுப்புக்குப் போனது. போனால், கழுத்துவரை இழுத்து மூடிய கனத்த மேல்சட்டை. ஜிப்பின் நுனி தாடைக்குக் கீழே இருக்கிறது, கத்தி இடுப்பில் இருக்கிறது. முழுச் சட்டையையும் மேலிருந்து கீழே திறந்தால்தான் கை எட்டும். அத்தனை பேருக்கும் 'போகிற உடையில் பத்து தரம் எடுத்துப் பார்' என்று பாடம் நடத்துகிறவள், அந்த வருடத்துக் குளிர்ச்சட்டையில் ஒரு தரம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. ஜிப்பைத் தொடவே இல்லை. விளக்கு எரிந்த முதல் வாசலை நோக்கி ஓடினேன். அது ஒரு மருந்துக்கடை. அவன் எதிர்ப்புறமாகவே நடந்து போய்விட்டான். எனக்காக வந்தவனோ, வழி தெரியாமல் நின்று நின்று வந்தவனோ. மருந்துக்கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். இருமல் மிட்டாய் என்று சொல்லி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் அந்த மேல்சட்டையின் ஜிப்பை முழுதாகப் பிரித்தெடுத்துவிட்டு, கீழிருந்தும் திறக்கிற இரட்டைத் தலை ஜிப் வைத்துத் தைத்தேன்.